வேகத் தெய்வத்திற்குக் காணிக்கை

நுழையும்முன்

புதிய பொருளொன்றை வாங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி சில நாளில் தணிந்துவிடும். கையிலிருக்கும் பழைய பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்து, பழுது நீக்கி, முன்னிலும் சிறந்ததாக ஆக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியோ நெடுங்காலம் நிலைப்பது. வண்டியொன்றைச் செப்பனிடுவதையும் மாற்றியமைப்பதையும் பொழுதுபோக்காகத் தொடங்கி, அதையே வாழ்நாள் தவமாக ஆக்கிக்கொண்டவர் நியூசிலாந்து நாட்டின் பர்ட் மன்றோ. அவருடைய வெற்றியும், அதற்கு அவர் கொடுத்த விலையும் இப்பாடத்தில் விளக்கப்பெறுகின்றன.

தென்கோடியில் ஒரு சிறுவன்

நியூசிலாந்தின் தென் தீவில், நாட்டின் தென்கோடியை ஒட்டி அமைந்த நகரம் இன்வர்கார்கில். தென் துருவத்திலிருந்து வீசும் குளிர்காற்றும் மழையும் அந்நகருக்குப் பழகியவை. அங்கு 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ பிறந்தார். உடன்பிறந்த இரட்டைப் பெண் குழந்தை பிறப்பிலேயே இறந்தது. ஆண் குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறினர். அந்தக் கணிப்பைப் பொய்யாக்கி வளர்ந்த குழந்தைதான் பிற்காலத்தில் பர்ட் மன்றோ என்னும் பெயரால் உலகறியப்பட்டது.

இன்வர்கார்கிலுக்கு அருகில் ஈடன்டேல் என்னும் ஊரில் இருந்த குடும்பப் பண்ணையில் மன்றோ வளர்ந்தார். விரைந்து செல்லும் எதுவும் சிறுவயதிலேயே அவரைக் கவர்ந்தது. பண்ணையிலிருந்த குதிரைகளுள் மிக விரைவாக ஓடுவதைத் தேர்ந்து அதன்மீது ஏறிச் செல்வார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தொடர்வண்டி, கப்பல், மோட்டார் கார், அப்போதுதான் தோன்றிய வானூர்தி ஆகிய யாவும் அவருடைய கற்பனையை நிறைத்திருந்தன. பொறியியற் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. பண்ணைக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளே அவருக்குக் கல்வி தந்தன.

ஒரே வண்டி

1920ஆம் ஆண்டு, தம் இருபத்தோராவது வயதில், மன்றோ புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அமெரிக்காவில் உருவான அவ்வண்டியின் பெயர் 'இந்தியன் ஸ்கவுட்'. ஏறத்தாழ 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய எஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு சிலிண்டர்கள் 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்து நின்றன. மணிக்கு 89 கிலோமீட்டர் வேகமே அதன் எல்லை. அக்காலத்தில் அது குறைந்த வேகமன்று. எனினும், தொழிற்சாலை வகுத்த எல்லையோடு நின்றுவிட மன்றோவுக்கு மனமில்லை.

1926ஆம் ஆண்டு அவ்வண்டியை மாற்றியமைக்கும் பணியைத் தொடங்கினார். புதிய வண்டிகள் பல சந்தைக்கு வந்தபோதும் அவர் பழைய ஸ்கவுட்டைக் கைவிடவில்லை. 'வெலோசெட்' என்னும் ஆங்கிலேய வண்டியொன்றையும் பிற்காலத்தில் வாங்கி மாற்றியமைத்தார். ஆயினும் அவர் உள்ளத்தில் முதலிடம் பெற்றது 1920இல் வாங்கிய வண்டியே. பந்தய வீரராகச் சில காலம் வாழ்ந்தார். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது ஊர் திரும்பி, மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுதுநீக்குபவராகவும் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் தம் வண்டி. பல இரவுகள் உறக்கமின்றிப் பட்டறையில் கழிந்தன.

தெரிந்து தெளிவோம்

'இந்தியன்' என்னும் பெயர் நம் நாட்டைக் குறிப்பதன்று. அமெரிக்காவின் தொல்குடி மக்களை அந்நாட்டினர் இச்சொல்லால் அழைத்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் தோன்றிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் அப்பெயரைத் தன் வண்டிகளுக்கு இட்டது. 1911ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே வென்றன. அதில் இரண்டாமிடம் பெற்ற அயர்லாந்து வீரர் சார்லஸ் பிராங்க்ளின் பின்னாளில் ஸ்கவுட் வண்டியை வடிவமைத்தார்.

எஞ்சினின் மூச்சு

மோட்டார் எஞ்சினும் உயிர்களைப் போலவே மூச்சுவிடுகிறது. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுக்கிறது. எரிந்த புகையை வெளியேற்றுகிறது. இவ்விரண்டு வழிகளையும் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். ஸ்கவுட் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருந்தன. உள்ளே செல்லும் கலவை வளைந்து திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. அதனால் எஞ்சினின் மூச்சு தடைப்பட்டது. மன்றோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு மாற்றினார். கலவை செல்லும் வழி நேரானது. எஞ்சினின் ஆற்றல் பெருகியது.

வால்வுகளை உரிய நேரத்தில் தள்ளித் திறக்கும் உறுப்புக்குக் கேம் என்று பெயர். தொழிற்சாலை அமைப்பில் இரண்டு கேம்களே இருந்தன. மன்றோ அதனை நீக்கி, நான்கு கேம்களைக் கொண்ட அமைப்பைத் தாமே உருவாக்கினார். சிலிண்டர்களையும் பிஸ்டன்களையும் பிளைவீலையும் தாமே செய்தார். உராய்வைக் குறைக்கும் எண்ணெய் எஞ்சினின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று சேர்வதற்குரிய ஏற்பாட்டையும் மாற்றினார். எஞ்சினின் கொள்ளளவு படிப்படியாக 850 ஆகவும், இறுதியில் 950 கன சென்டிமீட்டராகவும் வளர்ந்தது.

ஓருறுப்பை மாற்றினால் மற்றோர் உறுப்பு அதைத் தாங்க வேண்டும். பிஸ்டன் வலிமை பெற்றால் அதைப் பிளைவீலோடு இணைக்கும் தண்டு முறியும். தண்டை வலுப்படுத்தினால் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கடத்தும் சங்கிலி அறும். எனவே ஒவ்வொரு முன்னேற்றமும் புதிய பழுதொன்றைக் கொண்டு வந்தது. அந்தப் பழுதே அடுத்த வேலை எதுவென்று அவருக்குக் காட்டியது.

இன்மை கற்பித்த தொழில்

மன்றோ செல்வந்தர் அல்லர். உறுப்புகளைத் தொழிற்சாலைகளில் செய்வித்து வாங்கும் வசதி அவருக்கு இல்லை. உலோகத் துண்டுகளை உருக்கிப் பழைய தகர டப்பாக்களில் வார்த்து உறுப்புகளைச் செய்தார். இணைப்புத் தண்டுகளுக்கு வலிய எஃகு தேவைப்பட்டது. டிராக்டரின் அச்சு ஒன்றைத் தேடிப் பெற்று, இரும்பறுக்கும் வாளாலும் அரத்தாலும் பல நாள் உழைத்துத் தண்டுகளைச் செதுக்கி எடுத்தார். பின்னர் அவற்றைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தினார்.

எஞ்சின் உறுப்புகள் ஒன்றோடொன்று மிக நுண்ணிய அளவில் பொருந்த வேண்டியவை. அவ்வளவுகளைக் காண்பதற்கு மைக்ரோமீட்டர் என்னும் கருவி பயன்படும். மன்றோவின் பட்டறையில் அதற்கு ஈடாகப் பயன்பட்டது சக்கரத்தின் பழைய கம்பி ஒன்று. கருவி எளியதாயினும் விரல்களின் உணர்வு கூர்மையாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் அரம் பிடித்த கை எஃகின் குணத்தை நன்கு அறிந்திருந்தது.

எனினும், இவ்வறிவு எளிதில் வந்ததன்று. வார்த்தெடுத்த பிஸ்டன் ஓட்டத்தின் நடுவே உருகிப் போனதுண்டு. மாதக்கணக்கில் செதுக்கிய தண்டு நொடிப்பொழுதில் முறிந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் அவர் எஞ்சினைப் பிரித்தார். உடைந்த இடத்தை ஆராய்ந்தார். உலோகத்தின் கலவையையோ வடிவத்தையோ மாற்றி மீண்டும் வார்த்தார். உடைந்தவற்றை எறிந்துவிடவில்லை. பட்டறையின் அலமாரி ஒன்றில் அவற்றை அடுக்கி வைத்தார். வேகத் தெய்வத்திற்குச் செலுத்திய காணிக்கைகள் இவை என்னும் பொருள்பட அதில் எழுதியும் வைத்தார். நகைச்சுவையாக எழுதியதே எனினும், ஒவ்வோர் உறுப்பும் எதனால் உடைந்தது என்பதை அவர் அறிவார். ஆகவே, ஏடுகளை அடுக்கிய நூலகம் பிறருக்குப் பயன்பட்டதுபோல அந்த அலமாரி அவருக்குப் பயன்பட்டது.

கொடுத்த விலை

இன்வர்கார்கிலின் அருகில் ஒரேட்டி என்னும் நீண்ட கடற்கரை உள்ளது. கடல் வற்றும் வேளையில் அதன் மணல் சாலைபோல இறுகிக் கிடக்கும். மன்றோவின் ஆய்வுக்களம் அதுவே. 1938ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டளவிலான சாதனை ஒன்றை முதன்முதலாக நிகழ்த்தினார். அதன்பின் மேலும் பல சாதனைகள் தொடர்ந்தன. 1957ஆம் ஆண்டு கடற்கரை ஓட்டத்தில் மணிக்கு 211 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார்.

வெற்றிகளின் இடையே விபத்துகளும் நேர்ந்தன. 1927இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பந்தயத்தில் தூக்கி எறியப்பட்டார். 1937இல் கடற்கரைப் பந்தயம் ஒன்றில் மற்றொரு வீரரோடு மோதித் தம் பற்களை இழந்தார். 1959இல் பெருவேகத்தில் கீழே விழுந்து உடலெங்கும் சிராய்ப்புற்றார். ஐம்பது வயதைக் கடந்தபின் நெஞ்சுவலி நோயும் அவரைப் பற்றிக்கொண்டது.

உடலின் காயங்கள் ஆறின. வேறோர் இழப்பு ஆறவில்லை. மன்றோ 1927இல் மணம் புரிந்தவர். நான்கு மக்களுக்குத் தந்தை. இரவும் பகலும் பட்டறையில் கழிந்த வாழ்க்கை குடும்பத்திற்குச் சுமையாயிற்று. 1940களின் பிற்பகுதியில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். அதே காலத்தில் வேலையையும் விட்டு, தம் பட்டறைக் கொட்டகையிலேயே மன்றோ குடியேறினார். ஒரு கட்டில், சில கருவிகள், இரண்டு வண்டிகள், காணிக்கை அலமாரி ஆகியவையே அவருடைய இல்லமாயின. ஒன்றிலேயே ஊன்றி நிற்கும் உள்ளம் அரியவற்றைச் சாதிக்கிறது. ஆனால், அதன் விலையை அம்மனிதர் மட்டும் கொடுப்பதில்லை. அவரைச் சார்ந்தோரும் கொடுக்கின்றனர். மன்றோவின் வரலாற்றைப் படிப்போர் இவ்வுண்மையையும் மறத்தல் ஆகாது.

காற்றோடு ஒரு போர்

வேகம் மிகுந்தோறும் வண்டிக்கு முதற்பகையாவது காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். மணிக்கு 89 கிலோமீட்டர் ஓடும் வண்டியை, அதன் வடிவத்தை மாற்றாமல் 296 கிலோமீட்டர் ஓடச் செய்ய வேண்டுமாயின், காற்றை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 37 மடங்கு ஆற்றல் வேண்டும். எஞ்சினைப் பெருக்குவதால் மட்டும் இதை அடைய இயலாது என்பதை மன்றோ உணர்ந்தார். வண்டியின் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

எனவே வண்டியை முழுதும் மூடும் கூடொன்றை உருவாக்கினார். முதலில் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துக் கூடு செய்தார். அதற்கே ஆண்டுகள் பல சென்றன. பின்னர்க் கண்ணாடியிழையால் மற்றொரு கூடு செய்தார். மீனின் உடல்போல முன்னும் பின்னும் ஒடுங்கிய அக்கூட்டினுள் மன்றோ முன்புறம் கவிழ்ந்து படுத்தவாறே வண்டியைச் செலுத்தினார். காற்று கூட்டின்மீது வழுக்கிச் சென்றது. ஆனால், புதிய இடரொன்று தோன்றியது. பெருவேகத்தில் வண்டி இருபுறமும் தள்ளாடத் தொடங்கியது. ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று எழும் என்னும் பழைய பாடத்தைக் காற்றும் அவருக்குக் கற்பித்தது.

உப்பு வெளி

ஒரேட்டி கடற்கரையில் அலையும் ஈரமும் உண்டு. வண்டியின் முழுவேகத்தைக் காண இன்னும் நீண்ட, இன்னும் சமமான தரை தேவைப்பட்டது. அத்தகைய தரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்தது. பழங்காலப் பேரேரி ஒன்று வற்றிப்போனதால் தோன்றிய பானவில் உப்பு வெளி அது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வெண்மையாக இறுகிய உப்பு; மேடில்லை, மரமில்லை. ஓட்டுநருக்கு வழிகாட்ட உப்பின்மீது கருங்கோடு ஒன்று வரையப்படும். அளந்து குறிக்கப்பட்ட ஒரு மைல் தொலைவை முழுவேகத்தில் கடக்க வேண்டும். காற்றின் திசையால் எவருக்கும் ஆதாயம் கிட்டாதவாறு, எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட வேண்டும். இரண்டின் சராசரியே சாதனையாகப் பதிவு செய்யப்படும்.

ஒருமுறை பார்வையாளராகச் சென்று அவ்வெளியைக் கண்டு திரும்பிய மன்றோ, 1962ஆம் ஆண்டு தம் வண்டியுடன் அங்குச் சென்றார். வயது அறுபத்து மூன்று; வண்டியின் வயது நாற்பத்திரண்டு; நெஞ்சில் நோய். பெரிய நிறுவனங்களின் துணையோடும் பொறியாளர் குழுக்களோடும் பிறர் வந்து கூடும் களத்தில், தம் கையால் வார்த்த பிஸ்டன்களோடு அவர் நின்றார். 883 கன சென்டிமீட்டர் பிரிவில் மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தார். 1966இல் மற்றொரு பிரிவிலும் சாதனை நிகழ்த்தினார்.

அமெரிக்க வீரர்கள் பலர் அவருக்கு நண்பர்களாயினர். போட்டியாளர் என்று எண்ணாமல் தங்க இடம் அளித்தனர், வண்டியைத் தள்ளிவிட்டனர், கருவிகள் கொடுத்து உதவினர். தனியே பட்டறையில் வாழ்ந்த மனிதருக்கு உப்பு வெளி ஒரு சுற்றத்தைத் தந்தது.

1967

1967ஆம் ஆண்டு மன்றோவுக்கு வயது அறுபத்தெட்டு. எஞ்சினின் கொள்ளளவு 950 கன சென்டிமீட்டராக உயர்ந்திருந்தது. அவ்வாண்டின் ஓட்டங்களுள் ஒன்றில், பாதித் தொலைவைக் கடந்தபோது வண்டி கடுமையாகத் தள்ளாடியது. வேகத்தைக் குறைக்க உடலை நிமிர்த்தினார். எதிர்க்காற்று கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது; கண்கள் இருண்டன. கருங்கோட்டைவிட்டு விலகிய வண்டி, இரும்புக் கம்பம் ஒன்றை மயிரிழையில் தப்பிச் சென்றது. வேறு வழியின்றி வண்டியைச் சாய்த்து உப்பின்மீது சறுக்கவிட்டார். சிராய்ப்புகளோடு உயிர் தப்பினார்.

அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தகுதிகாண் ஓட்டம் ஒன்றில் ஒரு திசையில் மணிக்கு 305.89 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஆகஸ்டு 26ஆம் நாள் நிகழ்ந்த ஓட்டங்களின் சராசரி மணிக்கு 295.45 கிலோமீட்டர் என்று பதிவாயிற்று. 1,000 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட பிரிவில் அது உலக சாதனை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த வண்டி, அது பிறந்தபோது ஓடியதைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது.

நிலைத்தவை

முதுமையும் நோயும் இறுதியில் மன்றோவைத் தடுத்து நிறுத்தின. 1977இல் பக்கவாதம் தாக்கியது. இனி ஓட்ட இயலாது என்பதை உணர்ந்தபோது, தம் வண்டிகள் பிறந்த மண்ணைவிட்டுச் செல்லக்கூடாது என விரும்பி, அவற்றை ஊர் வணிகர் ஒருவருக்கு விற்றார். 1978ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி வண்டி இன்வர்கார்கிலிலேயே தங்கியது. அந்நகரின் இரும்புப் பொருள் கடை ஒன்றில், ஆணியும் திருகும் வாங்க வருவோர் காணும்படி அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த வண்டிக்கு அதனினும் பொருத்தமான இடம் அமைவது அரிது.

2005ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் தழுவிய திரைப்படம் ஒன்று வெளிவந்து, அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் இடம்பெற்றார்.

மன்றோ மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2014இல், அவருடைய மகன் பழைய பதிவுகளைப் பார்த்து, 1967ஆம் ஆண்டுச் சராசரிக் கணக்கில் பிழையொன்று இருப்பதைக் கண்டறிந்தார். சங்கம் அதை ஏற்றுத் திருத்தியது. 295.45 என்பது 296.26 ஆயிற்று. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வேறுபாடே அது. எனினும், சிறு பிழையும் எங்கே நேர்ந்தது என்று தேடிக் காண்பதும், கண்டபின் திருத்துவதும் அந்தப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் இரவுதோறும் நடந்த வேலையே. தந்தை எஃகில் செய்ததை மகன் ஏட்டில் செய்து முடித்தார்.